கப்பு அச்மக்கா, கப்புயு அச்மக்கா?

துருக்கியில் ‘கப்பு’ என்றால் கதவு. கடைசி எழுத்து நம் குற்றியலுகரம் மாதிரிதான். ‘ப்’ மட்டும் இரட்டிக்காது. ‘அச்மக்’ என்றால் திறத்தல். இரண்டையும் சேர்க்கும்போது நடுவில் ‘யு’ வேண்டுமா என்பதில்தான் குழப்பம்.

பொருள்:
கப்புயு அச்மக் – எதிரே இருக்கும் அந்தக் கதவைத் திறப்பது.
கப்பு அச்மக் – பேச்செடுப்பது, வழி உண்டாக்குவது. பேரத்தில் முதல் விலை சொல்வதும் இதுதான். எடுத்த எடுப்பிலேயே உச்ச விலை சொன்னால் ‘யுக்செக்தென் கப்பு அச்மக்’, அதாவது உயரத்திலிருந்து கதவு திறப்பது!

இலக்கணம்: ‘ய்’ உடம்படுமெய், ‘உ’ நம் ‘ஐ’ உருபு. ‘பெண்ணைப் பார்த்தான்’, ‘பெண் பார்த்தான்’ இரண்டுக்கும் உள்ள அதே வித்தியாசம்.

அழைப்புமணி அடித்தால் ‘கப்புயு அச்’. உருபை விட்டால் அரைகுறையாக ஒலிக்கும். உருவகத்துக்கும் பேரத்துக்கும் உருபில்லாத வடிவம்.