பூவுக்கு ஜெய்சல்மேர், காட்டுக் கழுதைக்குச் சின்ன ரண்

புதுச்சேரி, கடலூர்ப் பக்கமிருந்து பாலைவனம் பார்க்கக் கிளம்பினால் இரண்டு இடங்கள் போட்டிக்கு நிற்கும். ஒன்று ராஜஸ்தானில் ஜெய்சல்மேரை ஒட்டிய பாலைவனத் தேசியப் பூங்கா (3,162 சதுர கி.மீ.). மற்றது குஜராத்தில் கட்ச் சின்ன ரண் என்னும் உப்புச் சமவெளியில் உள்ள காட்டுக் கழுதைச் சரணாலயம் (4,954 சதுர கி.மீ.). ஐந்து நாள் லீவில் இரண்டையும் முடிக்க நினைக்காதீர்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகவே ஒரு பகல் முழுக்கக் காரில் கழியும்.

பூ பார்க்க ஜெய்சல்மேர்தான். பிப்ரவரி கடைசியில் போனால் ரோகிடா மரம் மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்புமாகப் பூத்து நிற்கும். ராஜஸ்தானின் மாநிலப் பூ அது. அதை ஒட்டியே கேர் புதரும் சிவக்கும். பூக்காத மாதத்திலும் நம்மவர்களுக்குத் தெரிந்த மரம் ஒன்று அங்கே உண்டு: விருத்தாசலம் கோயிலின் தலமரமான வன்னியைத்தான் அவர்கள் கேஜ்ரி என்கிறார்கள். சின்ன ரண்ணிலோ தரையே உப்பு. மரக்காணம் உப்பளத்திலிருந்து பாத்தியையும் வரப்பையும் எடுத்துவிட்டு அடிவானம் வரை விரித்தது போலிருக்கும். 'பேட்' என்னும் மேட்டுத்திட்டுகளில்தான் புல்லும் புதரும். பூவுக்காக அங்கே போக வேண்டாம்.

விலங்கு என்றால் கணக்கு மாறிவிடும். சின்ன ரண்ணின் ஓரத்து ஊர்களான தசாடா, பஜானா பக்கமாக ஜீப்பில் நுழைந்தால் ஒரே காலையில் காட்டுக் கழுதைக் கூட்டத்தைப் பார்த்துவிடலாம். ஜெய்சல்மேரில் சிங்காரா மானும் பாலைவன நரியும் கண்ணில் படும், கானமயில் (Great Indian Bustard) என்னும் பெரிய பறவை அப்படியல்ல. உலகில் இயற்கையான வாழிடங்களில் மிஞ்சியிருப்பதே சுமார் 150 தான். ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் திரிந்த பறவை. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே வரும் மின்கம்பி அதற்குச் சரியாகத் தெரிவதில்லை, மோதிச் சாகிறது. அதைப் பார்க்க, பூங்காவுக்குள் இருக்கும் சுதாசரி பக்கம் இரண்டு காலையாவது ஒதுக்குங்கள். வண்டியை விட்டு இறங்காதீர்கள். பத்து மணிக்கு மேல் கானல் அலைவதால் பைனாகுலரிலும் உருவம் கலங்கும்.

ஜெய்சல்மேரில் ஏமாறும் இடம் 'சம்' என்னும் ஊரின் மணல்மேடு. அங்கே 'சஃபாரி' என்று விற்பது மணலில் ஜீப் ஓட்டும் விளையாட்டு. அந்த இரைச்சலில் எந்த விலங்கும் நிற்காது. வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் புதுச்சேரிக்காரர்கள் எல்லையோரப் பகுதிகளுக்குப் போவதானால் முன்கூட்டியே தனி அனுமதி வாங்க வேண்டும்.

ரண்ணில் சிக்கல் தரையில். மேலே உப்புப் பொருக்கு காய்ந்து வெடித்திருக்கும், அடியில் சேறு. பருவம் தவறி ஒரு மழை பெய்தாலே ஜீப் அச்சு வரை இறங்கிவிடும், அதனால் ஓட்டுநர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை சரணாலயம் மூடியிருக்கும். நவம்பர், டிசம்பரில் மிச்சத் தண்ணீரில் பூநாரையும் கொக்குகளும் இறங்கும்.

பயணத்தில் ரண் எளிது: சென்னையிலிருந்து அகமதாபாத்துக்கு நவஜீவன் ரயில், அங்கிருந்து சுமார் 100 கி.மீ. ஜெய்சல்மேருக்கு ஜோத்பூர் போய் மேலும் 280 கி.மீ. போல. ஜனவரி விடியலில் இரண்டு இடத்திலும் திறந்த ஜீப்பில் குளிர் எலும்பைத் தொடும். நம் ஊர் மார்கழிக்கு எடுக்கும் ஸ்வெட்டர் போதாது; காற்றுத் தடுக்கும் ஜாக்கெட்டும் காதை மூடும் குல்லாவும் வேண்டும்.