கடலூர் உப்புக் காற்றில் ஒரு விளையாட்டு அறை: எது தாங்கியது, எது உதிர்ந்தது

பையனின் அறையை 2022 கோடை லீவில் விளையாட்டு அறையாக மாற்றினோம். மஞ்சக்குப்பத்தில் பழைய தரைத்தள வீடு, அறை 10-க்கு 11 அடி. அப்போது இரண்டாவது முடித்திருந்தான், இப்போது ஆறாவது. இந்த மாதிரி அறைகளின் போட்டோ எல்லாம் மாட்டி முடித்த அன்றைக்கே எடுத்ததாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் பார்த்த பிறகு அதில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் கடலூர், பாண்டிச்சேரி பக்கம் இருப்பவர்களுக்கு உதவும். எங்கள் வீட்டு நிலவரம் இதுதான்: சுவரில் ஒட்டியதெல்லாம் போய்விட்டது. கொக்கியில் மாட்டியதும், பையன் கையில் எடுத்து விளையாடுவதும் அப்படியே இருக்கின்றன.

முதலில் போனது சுவர் ஸ்டிக்கர். ஆளுயரத்துக்கு ஒரு பேட்ஸ்மேன், பக்கத்தில் பறக்கிற பந்துகள், கீழே பார்வையாளர் கூட்டம். அஞ்சு வருஷம் அசையாது என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். முதல் மழைக்காலம் முடிவதற்குள் பேட்ஸ்மேனின் கால்பக்கம் உப்பிக்கொண்டு வந்தது. ஓரத்தை நகத்தால் தூக்கினால் பின்னாலிருந்து வெள்ளைப் பொடி கொட்டியது, நாக்கில் வைத்தால் கரித்தது. செங்கல்லிலும் மணலிலும் இருக்கிற உப்பு ஓதத்தில் கரைந்து சுவருக்குள் மேலே ஏறுகிறது. தண்ணீர் காயும்போது உப்பு மட்டும் படிகமாகி பெயிண்டையும் பட்டியையும் வெளியே தள்ளுகிறது. வினைல் ஷீட் ஒட்டினால் அந்த ஈரம் வெளியேற வழியே கிடையாது. பசையைக் குறை சொல்லிப் பயனில்லை, எந்தக் கம்பெனிப் பசையானாலும் இந்தச் சுவரில் இதே கதிதான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 48 செ.மீ. மழை. அது ஓய்வதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் பல இடங்களை மூழ்கடித்தது. எங்கள் தெருவில் வெள்ளம் வாசற்படியோடு நின்றுவிட்டது. ஆனால் சுவர் சும்மா இருக்குமா, உறிஞ்சி உறிஞ்சி மூணடி வரைக்கும் ஈரக்கறை ஏறிவிட்டது. அதற்குப் பிறகு அந்த மூணடிக்குப் பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் சுண்ணாம்பு அடித்திருக்கிறோம். சுண்ணாம்பு பூசிய சுவரில் ஈரம் தானாக வெளியேறிக் காய்ந்துவிடும், உப்புப் பூத்தால் துடைத்துவிட்டு மறுபடி ஒரு கை அடித்தால் போதும். பார்க்க ஒன்றும் பிரமாதமாக இல்லை.

ஆச்சரியம் என்னவென்றால், ஸ்டிக்கர் செட்டிலிருந்த ஸ்டம்பு மட்டும் இன்றைக்கும் புதிதாக இருக்கிறது. அதை மட்டும் கப்போர்டு கதவின் சன்மைக்கா மேல் ஒட்டியிருந்தோம். ஒட்டும்போது என் வீட்டுக்காரர் டேப் பிடித்து அளந்து, நிஜ அளவுக்கே வெட்டினார்: உயரம் 28 அங்குலம், மூன்று ஸ்டம்பும் சேர்ந்த அகலம் 9 அங்குலம். அறையில் பையன் அதிகம் பயன்படுத்தியது இதைத்தான். ஸ்பாஞ்ச் பந்தை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரத்திலிருந்து போடுவான். "அம்மா, மிடில் ஸ்டம்ப்!" என்று கத்தல் கேட்டால் வீட்டுப்பாடம் நடக்கவில்லை என்று அர்த்தம். கதவின் கீல் ஒருமுறை தளர்ந்து ஆசாரியைக் கூப்பிட்டோம், அவ்வளவுதான் செலவு.

மஞ்சள் சுவரைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். சி.எஸ்.கே. மஞ்சள்தான், வேறென்ன. நாலு பக்கமும் அடித்துக் கொடு என்றான். சின்ன அறைக்கு அது கண்ணைக் கூசும் என்று கட்டில் தலைமாட்டுச் சுவரில் மட்டும் அடித்தோம். படுத்தால் அவன் கண்ணில் படாது, உள்ளே வருகிறவர்களுக்குத்தான் முதலில் தெரியும். தூங்குகிற அறையில் அழுத்தமான நிறம் வேண்டுமென்றால் தலைமாடுதான் சரியான இடம். அது உள்சுவர் என்பதால் ஓதமும் குறைவு, எமல்ஷன் நன்றாகவே நிற்கிறது. நாங்கள் அடித்த வருஷம் அணி ஒன்பதாவது இடம், 2023-இல் கோப்பை, 2025-இல் கடைசி. சுவர் அத்தனையையும் தாங்கிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது பந்து வலை. கால்பந்து, வாலிபால், டென்னிஸ் பந்துகள் எல்லாம் கட்டிலுக்கடியில் உருண்டுகொண்டிருந்தன. ஆன்லைனில் கிடைக்கிற கம்பிக் கூடை இந்தக் காற்றுக்குச் சீக்கிரமே துருப்பிடித்துவிடும், பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறேன். தேவனாம்பட்டினத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பெரிய கண்ணி உள்ள பழைய நைலான் வலையில் ஒரு துண்டை வெட்டி, ஓரத்தில் கயிறு கோத்து, மூன்று மூலையிலும் வளையம் வைத்து அங்கேயே முடித்துக் கொடுத்தார். வலை ஊசி அவர் விரலில் போய் வந்த வேகத்தில் எங்கே முடிச்சு விழுகிறது என்றே தெரியவில்லை. "சோப்பு தண்ணில ஊற வச்சு ரெண்டு வெயில் காய விடும்மா, வாடை போயிடும்" என்றார். ரெண்டு வெயில் போதவில்லை. எலுமிச்சைத் தோல் போட்டு மறுபடி ஊறவைத்து, மொட்டைமாடியில் ஒரு வாரம் போட்ட பிறகுதான் மீன் வாடை முழுசாகப் போனது. அறையின் மேல்மூலையில் ஸ்டெயின்லெஸ் கொக்கிகளில் தொங்குகிறது. ஓரம் அவன் கைக்கு எட்டும், பந்தை உள்ளே எறியலாம், எடுக்கலாம். கடலுக்குப் போய்வந்த வலையை உப்புக் காற்று என்ன செய்துவிடும்?

கதவில் மாட்டும் கூடைப்பந்து வளையமும் தேறியது. நிஜ வளையம் தரையிலிருந்து 10 அடி உயரம், அதாவது எங்கள் சீலிங் அளவு என்று சொன்னபோது அண்ணாந்து பார்த்துவிட்டு, "அவ்ளோ மேலயா?" என்றான். இரவு எட்டு மணிக்கு மேல் அதற்குத் தடை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்கைப் புல் விரிப்பு வேண்டவே வேண்டாம். சில்வர் பீச் போய்வந்தால் மணல் முழுக்க அதற்குள் போய்விடும், மழைக்காலத்தில் முடைநாற்றம். கோரைப்பாய்க்கு மாறிவிட்டோம். கால்பந்து வடிவ பீன் பேக்கில் அடிப்பக்கம் பூஞ்சை பிடித்தது. பேட் வடிவ நியான் விளக்கின் அடாப்டர் ஒரு வருஷத்தில் அவுட், எரிந்தவரைக்கும் பூச்சிகளை அழைத்தது. தொங்கவிட்ட ஜெர்சி மட்டும் நன்றாக இருக்கிறது, அளவு சின்னதாகிவிட்டதால் சுவருக்கே போய்ச் சேர்ந்தது.

நடுவில் கபடி மோகம் வந்தது. பொங்கலுக்கு ஊர்ப்பக்கம் போனால் கபடி பார்க்காமல் வர முடியுமா? தரையில் டேப் ஒட்டி ஆடுகளம் போட வேண்டுமென்றான். பாடிக்கொண்டு போகிறவர் நடுக்கோட்டிலிருந்து எதிரணிக்குள் தாண்ட வேண்டிய கோடு ஆண்கள் ஆட்டத்தில் 3.75 மீட்டர் தூரம், நம் அறையே மொத்தம் 3.4 மீட்டர்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் விட்டுவிட்டான். பள்ளியில் வாங்கிய மெடல்களுக்கு மட்டும் இடம் கேட்டான். மெடல் ஸ்டாண்டுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். ஹார்டுவேர் கடையில் சாதாரண ஸ்டெயின்லெஸ் டவல் ராடு வாங்கி மாட்டினோம், அது போதும். மெடலின் பளபளப்புதான் மங்கிக்கொண்டு வருகிறது, பாலித்தீன் கவரில் போட்டால் கொஞ்சம் தள்ளிப்போகும்.

இப்போது செஸ். 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து ஆரம்பித்தது. இதற்காக அறையில் மாற்ற வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: சுருட்டி வைக்கும் செஸ் விரிப்பு ஜெர்சிக்குப் பக்கத்துக் கொக்கியில் ஏறியது. பேட்ஸ்மேன் ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்திருந்தால் அதைக் கிழிக்க ஒரு நாள், பட்டி பார்க்க ஒரு நாள் போயிருக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் டிரில் போட முடியாதே என்று கேட்பீர்கள். கதவுக்கு மேல் மாட்டுகிற கொக்கி, ஜன்னல் கம்பி, கட்டில் சட்டம் இந்த மூன்றிலேயே வலை, ஜெர்சி, மெடல் எல்லாவற்றையும் தொங்கவிடலாம். ஸ்டம்பு ஸ்டிக்கரை உங்கள் சொந்த பீரோவில் ஒட்டுங்கள், காலி பண்ணும்போது பீரோவோடு வந்துவிடும்.