பாதிக் கட்டணச் சலுகையா, கவுன்சலிங் சீட்டா?

2024 மே 6 அன்று பிளஸ் டூ முடிவு வந்தது. அடுத்த வாரமே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலிருந்து வழவழப்பான தாளில் கடிதம். மகள் பெயரைப் போட்டு, மெரிட் ஸ்காலர்ஷிப் என்று தங்க நிறத்தில் அச்சடித்திருந்தார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ், கல்விக் கட்டணத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. என் மனைவி அதைக் கொண்டுபோய் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிற பெண். எனக்கும் கண் கலங்கத்தான் செய்தது.

மறுபக்கம் அரசின் பொறியியல் கலந்தாய்வு. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குப் போடும் கட்ஆஃபில் அவளுக்கு 189. அந்த ஆண்டு பொதுக் கலந்தாய்வு ஜூலை 29-ல்தான் தொடங்கியது. பல்கலைக்கழகமோ மே மாதத்துக்குள் 25,000 ரூபாய் கட்டினால்தான் சலுகை நிற்கும் என்றது. கட்டிவிட்டுக் காத்திருந்தோம். ஆகஸ்டில் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் (ஜி.சி.டி.) எலக்ட்ரிக்கல் பிரிவான இ.இ.இ. ஒதுக்கீடு வந்தது. 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய பழைய அரசுக் கல்லூரி. கம்ப்யூட்டர் சயின்ஸ் அங்கே அவள் கட்ஆஃபுக்கு எட்டவில்லை. அங்கேதான் சேர்த்தோம். அதனால் கீழே எழுதுவதை ஒரு பக்கம் சாய்ந்தவன் எழுதியதாகவே படியுங்கள்.

பணக் கணக்கு சுருக்கமாக. பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2,40,000. தள்ளுபடி போக 1,20,000. விடுதியும் சாப்பாடும் 1,30,000. தள்ளுபடி இதில் ஒரு ரூபாயைக்கூடத் தொடாது. நான்கு ஆண்டுக்குப் பத்து லட்சம். ஜி.சி.டி.யில் கட்டணம், விடுதி, மாதச் செலவை மாணவர்களே பங்கு போட்டுக் கட்டும் மெஸ், எங்கள் ஊர் தாராபுரத்துக்கு பஸ் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆண்டுக்கு 75,000 அளவில் ஆகிறது. நான்கு ஆண்டுக்கு மூன்று லட்சம். இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியும், இதற்கு ஒரு அலசல் வேண்டியதில்லை. பத்து லட்சமும் கொடுக்கத் தகும் என்று நினைப்பவர்கள் உண்டு, அதில் தப்பும் இல்லை.

என்னைத் திருப்பியது கடிதத்தின் இரண்டாம் பக்கம், பொடி எழுத்தில் இருந்த ஐந்து வரி. ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் சி.ஜி.பி.ஏ., அதாவது பத்துக்குப் போடும் சராசரி கிரேடு, 8.5-க்குக் குறையக் கூடாது. ஒரு அரியர்கூட இருக்கக் கூடாது. ஒருமுறை சலுகை போனால் அடுத்த ஆண்டு எவ்வளவு மார்க் எடுத்தாலும் திரும்பக் கிடைக்காது. பள்ளியில் 95 சதவீதம் எடுத்த பெண்ணுக்கு 8.5 என்ன பெரிய காரியம் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒருவருடைய பையன் வேறொரு கல்லூரியில் இதே மாதிரி சலுகையில் படித்தவன். அவரிடம் கேட்டேன். "ஏனுங்க, முதல் வருசம் 8.42 வந்துச்சுங்க. அவ்வளவுதான், போச்சு" என்றார். 0.08 குறைந்ததற்கு மீதி மூன்று ஆண்டும் முழுக் கட்டணம்.

எங்கள் கணக்கில் அதைப் போட்டுப் பார்த்தேன். முதல் ஆண்டு 1.2 லட்சம், மீதி மூன்று ஆண்டு 2.4 லட்சம் வீதம் 7.2 லட்சம், ஆகக் கல்விக் கட்டணம் மட்டும் 8.4 லட்சம். விடுதி 5.2 லட்சம். மொத்தம் 13.6 லட்சம். பத்து லட்சம் என்று நம்பிப் போகிறவனுக்கு நடுவழியில் 3.6 லட்சம் கூடுகிறது. அப்போது வேறு கல்லூரிக்கு மாற்றிக்கொள்வது லேசில்லை, கலந்தாய்வும் முடிந்துபோயிருக்கும்.

8.5 ஏன் கஷ்டம் என்பது அப்புறம்தான் பிடிபட்டது. அந்தப் பல்கலைக்கழகத்தில் மதிப்பெண்ணை நேராக கிரேடாக மாற்றுவதில்லை. வகுப்பின் சராசரியை வைத்து, அதற்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பார்த்து கிரேடு போடுகிறார்கள். ஒரு வகுப்பில் 82 எடுத்தவனுக்கு உச்ச கிரேடு கிடைக்கலாம். இன்னொரு வகுப்பில் அதே 82-க்கு இரண்டு படி கீழே கிடைக்கலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் நிறையப் பேர் இதே கடிதத்தை வாங்கி வந்தவர்கள், இவளைப் போலவே 95 சதவீதக்காரர்கள். எல்லோரும் நன்றாகப் படித்தால் சராசரியும் கூடவே ஏறும். எல்லோரும் சராசரிக்கு மேலே இருக்க முடியாது இல்லையா? சலுகை கொடுக்கும்போது மாநிலம் முழுவதையும் பார்த்து இவளை முன்வரிசை என்கிறார்கள். புதுப்பிக்கும்போது முன்வரிசைக்காரர்களை மட்டும் ஒரே அறையில் உட்காரவைத்து, அதிலும் முன்வரிசையா என்று கேட்கிறார்கள்.

இன்னொன்று, அவள் படித்தது அரசு உதவிபெறும் பள்ளியில், தமிழ் வழியில். முதல் செமஸ்டரில் பாடமும் புதுசு, மொழியும் புதுசு, விடுதியும் புதுசு. படம் வரையும் டி ஸ்கொயரைக் கையில் பிடித்தே பழகாதவளுக்கு இன்ஜினியரிங் கிராபிக்ஸ் வேறு. ஜி.சி.டி.யில் அவளுடைய முதல் செமஸ்டர் 7.6, இரண்டாவது 8.1. இரண்டு கல்லூரியின் மதிப்பீடும் ஒன்றல்ல, அதனால் அங்கே போயிருந்தால் சலுகை நிச்சயம் போயிருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 7.6 வந்த அன்று இரவு இவள் அழுதது மார்க்குக்காக மட்டும். அங்கே என்றால் அப்பாவின் 3.6 லட்சத்துக்கும் சேர்த்து அழுதிருப்பாள்.

கல்விக் கடன் வாங்குவோருக்கு இந்த விஷயம் இன்னும் முக்கியம். பொதுவாக 7.5 லட்சம் வரை வங்கிகள் பிணை கேட்பதில்லை, அதற்கு மேல் சொத்துப் பத்திரம் கேட்கும். தள்ளுபடி போக இவ்வளவுதான் என்று காட்டி ஏழு லட்சம் கடன் வாங்கிவிட்டு, இரண்டாம் ஆண்டில் சலுகை போனால் கூடுதல் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிவரும்.

கலந்தாய்வு வழியே போனால் கிடைக்கும் அரசு உதவிகளுக்கு இப்படிக் கத்தி தொங்குவதில்லை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. அப்படிப்பட்ட வீட்டில் தங்க எழுத்துக் கடிதம் வந்தால் படித்துவிட்டு மடித்து வைத்துவிடலாம். சுயநிதிக் கல்லூரியில் கலந்தாய்வு மூலம் சேரும் முதல் பட்டதாரிக்கு ஆண்டுக்கு 25,000 வரை கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அதே கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. பெண் பிள்ளைகளுக்கு அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) பிரகதி உதவித்தொகை, ஆண்டுக்கு 50,000. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதல் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு வரவில்லை. வந்தவர்களுக்கு அடுத்த வகுப்புக்குத் தேறினாலே புதுப்பித்துக்கொள்ளலாம். புதுமைப் பெண் திட்டம் 2024 கடைசியில் உதவிபெறும் பள்ளித் தமிழ் வழி மாணவிகளுக்கும் விரிந்ததால் மாதம் ஆயிரம் வருகிறது. மெஸ் பில்லில் கொஞ்சம் குறைகிறது.

பல்கலைக்கழகத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. கேட்ட பிரிவைக் கொடுத்தார்கள். போய்ப் பார்த்தபோது ஆய்வகங்கள் பளிச்சென்று இருந்தன, ஆங்கிலம் பேசிப் பழகவும் நல்ல இடம். வேலைவாய்ப்பில் எது மேல் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மகள் இப்போதுதான் நான்காவது செமஸ்டர் முடித்திருக்கிறாள். முழுக் கட்டணத்தையும் சிரமமில்லாமல் கட்டக்கூடிய குடும்பம் என்றால் நான் இவ்வளவு எழுதியதே தேவையில்லை. அவர்களுக்குத் தள்ளுபடி ஒரு லாபம், போனாலும் பிழைத்துக்கொள்வார்கள். நிபந்தனை 'பாஸ் ஆனால் போதும்' என்று இருந்திருந்தால் நானே அங்கு சேர்த்திருப்பேன். கடிதம் வந்தால் மூன்று கேள்வியை மெயிலில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: கிரேடு எப்படிப் போடுகிறீர்கள், போன சலுகை திரும்ப வருமா, போன ஆண்டு சலுகையில் சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாம் ஆண்டும் தொடர்கிறது. மூன்றாவது கேள்விக்கு எனக்குப் பதிலே வரவில்லை. போனில் கேட்டால், "நல்லாப் படிக்கிற பொண்ணுதானே சார், ஏன் பயப்படறீங்க?"

அந்த 25,000 என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். திரும்பத் தர முடியாது என்றுதான் முதலில் சொன்னார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுப் பணத்தையும் தர வேண்டும் என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) அறிவிப்பை இணைத்து மெயில் போட்டேன். ஆறு வாரம் கழித்து முழுதாக வந்தது. அசல் சான்றிதழ்களையும் எந்தக் கல்லூரியும் பிடித்துவைக்கக் கூடாது. நல்ல வேளை, நாங்கள் நகல்தான் கொடுத்திருந்தோம்.

ஒன்றை மட்டும் என் கணக்கில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை. அவளுடைய பள்ளித் தோழி ஒருத்தி வேறிடத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். லீவில் வீட்டுக்கு வந்தவள், தான் செய்த செயலியை போனில் காட்டினாள். என் மகள் அதை வாங்கி ரொம்ப நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோழி போனதும், "அப்பா, நம்ம காலேஜ்ல அது ஓப்பன் எலெக்டிவ்வா, வேற பிரிவுப் பாடமா எடுக்கலாமாம், கேட்டுட்டேன்" என்றாள். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.