தென்னையின் பங்கசு நோய்க்கு ட்ரைக்கோடேர்மாவா, சூடோமோனாஸா, பசிலஸா?

தென்னையில் பங்கசு நோய் கண்டதும் "ஏதாவது நுண்ணுயிர் மருந்து தாருங்கோ" என்று கடையில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரர் கையில் இருப்பதைத் தருவார். ஆனால் ட்ரைக்கோடேர்மா, சூடோமோனாஸ், பசிலஸ் என்ற இந்த மூன்று நுண்ணுயிரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. நோய் வேரிலா, தண்டிலா, குருத்திலா என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

தண்டு வெடித்துச் செம்பழுப்புச் சாறு வடிகிற மரத்துக்கு என் தெரிவு ட்ரைக்கோடேர்மா. அதுவும் ஒரு பங்கசுதான். நோய்ப் பங்கசின் இழைகளைச் சுற்றிப் படர்ந்து, அவற்றின் சுவரைக் கரைத்து உண்டுவிடும். அழுகிய பகுதியை உளியால் செதுக்கி எடுத்துவிட்டு, தூளைக் கொஞ்சத் தண்ணீரில் களியாகக் குழைத்துப் பூச வேண்டும். அடிமரத்தைச் சுற்றிப் போடுவதானால் மரத்துக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கோடு கலந்து போடலாம். எருவும் ஈரமும் இல்லாத வெறும் மண்ணில், அதுவும் காண்டாவன வெயிலில் தூவினால் காசுதான் நட்டம். ஐப்பசி மழை விழுந்தபிறகு போடுவதே தோது.

அதற்கு ஒரு குறை உண்டு. ட்ரைக்கோடேர்மா கொஞ்சம் புளிப்பான மண்ணை விரும்பும். யாழ்ப்பாணத்தில் எங்கள் வலிகாமத்துச் சுண்ணாம்புத் தரையோ காரம். சூடோமோனாஸ் முந்துவது இங்கேதான். காரமண்ணில் இரும்பு எளிதில் கரையாது. இந்தப் பற்றீரியா சைடரோஃபோர் என்ற பொருளைச் சுரந்து, கரைந்திருக்கிற கொஞ்ச நஞ்ச இரும்பையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நோய்ப் பங்கசு பட்டினி கிடக்கும். கணக்குப்படி எங்கள் மண்ணுக்கு இதுதான் பொருத்தமான மாப்பிள்ளை. ஆனால் இது வித்தி, அதாவது கடினகாலத்தைத் தாங்கி உறங்கும் வடிவம், உண்டாக்காது. வெக்கையான லொறியில் வந்து, தகரக் கூரைக் கடையில் மாதக்கணக்கில் கிடந்த பக்கெற்றில் எவ்வளவு உயிரோடிருக்கும்? திகதி பார்க்காமல் வாங்கவே கூடாது.

பசிலஸ் சப்டிலிஸின் பலம் அதன் வித்தி. வெக்கையையும் வறட்சியையும் தாங்கும், அலுமாரியில் நீண்டநாள் இருக்கும். மற்ற இரண்டும் புதிதாகக் கிடைக்காத ஊரில் இதை வாங்குவதே புத்தி.

தனித்தனியாகத்தான் தெரிவுசெய்ய வேண்டும் என்றுமில்லை. அடித்தண்டழுகலுக்கு, அதாவது தஞ்சாவூர் வாடல் நோய்க்கு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ட்ரைக்கோடேர்மா விரிடி, சூடோமோனாஸ் இரண்டையுமே மரத்துக்கு ஆண்டுக்கு 200 கிராம் வீதம் பரிந்துரைக்கிறது.

குருத்தழுகல் வேறு கதை. அதைக் கொண்டுவரும் பைட்டோப்தோரா உண்மையான பங்கசே அல்ல. மாரி ஈரத்தில் வேகமாக உள்ளே இறங்கும். நடுக்குருத்து இழுத்ததும் கையோடு வருகிற மரத்துக்கு எந்தப் பக்கெற்றும் உதவாது. வளர்நுனி இன்னும் பிழைத்திருந்தால் அழுகலை வெட்டிச் சுத்தமாக்கி, மயில்துத்தமும் (செம்புச் சல்பேற்று) சுண்ணாம்பும் குழைத்த போர்டோ பசை பூசி மழை புகாமல் மூட வேண்டும். பக்கத்து மரங்களின் வட்டுக்கு, அதாவது உச்சிக்கு, 1 வீதப் போர்டோ கலவை அடிக்க வேண்டும்: 100 லீற்றர் தண்ணீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, நீற்றுச் சுண்ணாம்பு 1 கிலோ. ட்ரைக்கோடேர்மாவை மட்டை இடுக்கில் வைப்பது நோய் வருமுன் செய்கிற காப்பு. போர்டோ அடித்த கையோடு வைத்தால் செம்பு அதையும் வதைக்கும். கலவை சரியா என்று தெரிய, தீட்டிய இரும்புக் கத்தியைச் சற்று நேரம் முக்கி எடுங்கள். செம்பு படிந்திருந்தால் சுண்ணாம்பு போதாது, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும்.