மீன்தொட்டிச் செடிக்குப் புது டியூபா, எல்இடியா?
களியக்காவிளை, மார்த்தாண்டம் ஈரக்காற்றில் டியூப் முனையில் துரு பிடித்து மினுக்கினால், முதலில் துடைத்துப் பாருங்கள். டியூப் கிழடாவது வேறு சங்கதி. எரிந்துகொண்டேதான் இருக்கும், உள்ளே வெளிச்சம் தரும் பாஸ்பர் பூச்சு தளர்ந்து வெளிச்சம் இறங்கும். நம் கண் ஏமாறும், செடி ஏமாறாது.

டி5 (மெல்லிய டியூப்) என்றால் சுமார் 12 மாதத்தில் மாற்றுங்கள். சாதா சோக்கில் ஓடும் டி8-ஐ (அதைவிடத் தடித்த டியூப்) அதற்கு முன்பே மாற்றலாம். வெளிச்ச நிறம் 6500 கெல்வின் (பகல் வெள்ளை) போதும். இரட்டை டியூப் என்றால் ஒன்றை மாற்றி, 3 வாரம் கழித்து அடுத்தது. ஒரேயடியாக மாற்றினால் வெளிச்சம் எகிறிப் பாசி படரும்.

சோக்கும் போய்விட்டதா? எல்இடிக்கே போங்கள், கரண்டும் மிச்சம். அங்கும் பாசி பயம் உண்டு: முதல் 2 வாரம் தினம் 6 மணி நேரம் மட்டும். பழைய டியூப் பட்டியிலேயே எல்இடி டியூப் மாட்டினால், பெரும்பாலானவற்றுக்குச் சோக்கு, ஸ்டார்ட்டரைக் கழற்றி நேர் வயரிங் வேண்டும், மெயினை அணைத்துவிட்டுத்தான்.