லத்தீனா, என்ஐஇயா? மகளின் ஆசிரியப் படிப்புக்கு நாங்கள் போட்ட கணக்கு

மகள் ஆசிரியராக வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் மறுப்பில்லை. எந்த வழியில் என்பதில்தான் இழுபறி. ஒரு பக்கம், அமெரிக்காவின் மிச்சிகனில் 1844-இல் தொடங்கிய ஹில்ஸ்டேல் போன்ற கிறிஸ்துவக் கலைக் கல்லூரி. இலக்கியமோ வரலாறோ மேஜர், கூடவே கிளாசிக்கல் கல்வி மைனர். மறுபக்கம், இங்கே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் (என்யுஎஸ்) கலைப் பட்டம், பிறகு கல்வி அமைச்சு வழியாக, ஆசிரியர் பயிற்சி தரும் தேசியக் கல்விக் கழகமான என்ஐஇயில் பட்டமேற்படிப்பு டிப்ளோமா. நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்தே படியுங்கள்.

செலவைப் பற்றி நீட்ட வேண்டாம். அங்கே கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 40,000 அமெரிக்க டாலர் தாண்டும். இங்கே சிங்கப்பூரர்களுக்கு அரசாங்க மானியம் போகக் கட்டணம் சுமார் 8,000 வெள்ளி. உதவித்தொகை கிடைத்தால் இடைவெளி குறையும், மறையாது. குளிர், தூரம், தனிமை எல்லாருக்கும் தெரிந்தவை.

சர்ச்சில் ஒரு அக்கா, "ஏன் சிஸ்டர், பிள்ளைய பைபிள் காலேஜுக்கா அனுப்பப் பாக்குறீங்க?" என்று கேட்டார். அப்படியில்லை. கிளாசிக்கல் கல்வி என்பது ஊழியப் பயிற்சி கிடையாது. இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை என்ற மூன்று படிகளில் பிள்ளைகளை ஏற்றும் பழைய முறை. 1947-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில எழுத்தாளர் டோரத்தி சேயர்ஸ் ஆற்றிய உரை இந்த மூன்றையும் பிள்ளைகளின் வயதோடு பொருத்தியது: சிறுவயதில் மனப்பாடம், எதிர்த்துப் பேசும் வயதில் வாதம், அதன்பின் அழகாகப் பேசவும் எழுதவும் பழக்கம். அமெரிக்காவின் கிளாசிக்கல் கிறிஸ்துவப் பள்ளிகள் பல அந்த யோசனையில் வளர்ந்தவை. ஆத்திசூடியும் எண்சுவடியும் முதலில் வாயில் ஏறி, பொருள் பின்னால் வந்து சேர்ந்த நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தை அறிந்தவர்களுக்கு முதல் படி அப்படியொன்றும் புதிதில்லை.

அந்த வகுப்புகளை நான் காணொளியில் பார்த்ததோடு சரி. பார்த்தவரை மனம் கவர்ந்தது. சின்னப் பிள்ளைகள் 'அமோ, அமாஸ், அமாட்' என்று ராகம் போட்டு லத்தீன் வினைச்சொல் சொல்கிறார்கள். ஆசிரியர் பலகையில் ஒரு கிடைக்கோடு இழுத்து, எழுவாயை இந்தப் பக்கமும் வினையை அந்தப் பக்கமும் வைத்து நடுவில் ஒரு குத்துக்கோடு போடுகிறார். அடைமொழிகளெல்லாம் கீழே சாய்கோட்டில் தொங்குகின்றன. நான் படித்த காலத்தில் ஆங்கில இலக்கணத்தை யாரும் எனக்கு இப்படிக் காட்டியதில்லை. ஹில்ஸ்டேல் வளாகத்திலேயே 1990 முதல் ஒரு பள்ளி நடக்கிறது, போய்ப் பார்த்துப் பழகலாம். பாடத்தில் மூழ்கிய ஆசிரியர் என்ற வகையில் அந்தப் பக்கத்துக்குத்தான் என் ஓட்டு.

ஆனால் படித்து முடித்துத் திரும்பி வந்தால் எங்கே நின்று பாடம் நடத்துவது? எங்களுக்கு எல்லாமே இந்தக் கேள்வியில்தான் வந்து நின்றது.

இங்கே அரசாங்கப் பள்ளிகளில் நிரந்தர ஆசிரியராக வேண்டுமென்றால் முதலில் கல்வி அமைச்சில் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். எடுத்துக்கொண்டால் அவர்களே என்ஐஇக்கு அனுப்புவார்கள், கட்டணம் கட்டுவார்கள், பயிற்சியின்போதே சம்பளமும் வரும். பதிலுக்கு 3 ஆண்டு பாண்டு, அதாவது அத்தனை ஆண்டு வேலை பார்ப்பதாக ஒப்பந்தம். பாதியில் விட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். மிஷன் பள்ளி என்றால் வேறு கதையாக இருக்கும் என்று நினைத்தேன். 1887-இல் ஷார்ட் ஸ்திரீட் கடைவீடு ஒன்றில் மிஷனரி சோஃபியா பிளாக்மோர் தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிதானே பின்னால் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியானது! ஆனால் அரசாங்க உதவி பெறும் மிஷன் பள்ளிகளிலும் ஆசிரியர் வருவது பெரும்பாலும் அமைச்சு வழிதான். சுயேச்சைப் பள்ளிகள் (இண்டிபெண்டன்ட் ஸ்கூல்) தாங்களே ஆள் எடுப்பதுண்டு, அதை நம்பி நான்கு ஆண்டுப் பணத்தைப் போட எனக்குத் துணிச்சலில்லை.

ஹில்ஸ்டேல் மாநில ஆசிரியர் உரிமத்துக்கான படிப்பு நடத்துவதில்லை. அது அவர்கள் கொள்கை, அங்குள்ள கிளாசிக்கல் பள்ளிகளுக்கு அது குறையுமில்லை. ஆனால் உரிமம் கேட்கும் அனைத்துலகப் பள்ளியில் அது உதவாது. அமைச்சில் சேர்ந்தாலோ மறுபடி என்ஐஇ. ஆக, ஆசிரியப் பயிற்சி இரண்டு தடவை. அமெரிக்காவிலேயே தங்கலாம் என்றால் மாணவர் விசாவில் படித்தவர்களுக்குப் பட்டத்துக்குப்பின் 12 மாதம் வேலை பார்க்க அனுமதி, அதன்பின் எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல்.

என்ஐஇ பக்கம் இன்னொன்று. 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து விரைவு, வழக்கநிலை என்ற பிரிவுகள் போய்விட்டன. ஒரே வகுப்பில் கணக்கை எளிய நிலையான ஜி1-லும் ஆங்கிலத்தைக் கடின நிலையான ஜி3-லும் படிக்கும் பிள்ளைகள் கலந்து உட்காருகிறார்கள். அந்த வகுப்பறைக்குள் மூத்த ஆசிரியர் ஒருவர் கண்காணிப்பில் நின்று பழகுவதற்கு லத்தீன் ஈடாகாது.

இழப்பும் உண்டு. விடுதியில் சேர்ந்து வாழ்ந்து, ஒரே நூலை நாள்கணக்கில் வாதாடிப் படிக்கும் கலைக் கல்லூரி வாழ்க்கையை என்ஐஇ தராது. இங்கே அப்படிப்பட்ட கலைக் கல்லூரியாக இருந்த யேல்-என்யுஎஸ் 2013-இல் முதல் மாணவர்களைச் சேர்த்து 2025-இல் மூடியாயிற்று. அதன் இடத்தில் வந்த என்யுஎஸ் கல்லூரியில் மகளுக்கு இடம் கிடைக்கவில்லை. சென்னையில் பி.எட். படிக்கலாம் என்று மாமியார் சொன்ன யோசனையும், அது இங்கே அப்படியே ஏற்கப்படுமா என்ற இடத்தில் நின்றுபோனது.

மகளே கடைசியில் ஒன்று சொன்னாள்: "அம்மா, என்ஐஇ முடிச்சிட்டு அங்க மாஸ்டர்ஸ் போகலாம். அங்க முடிச்சிட்டு வந்தா என்ஐஇய தாண்ட முடியாதுல்ல?" ஹில்ஸ்டேலில் கிளாசிக்கல் கல்வியில் முதுகலையும் இருக்கிறது. பாண்டு முடிந்ததும் சம்பளமில்லா விடுப்பு கேட்கலாமா, வேலையை விட்டுப் போவதா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.