பாளையங்கோட்டை போக எந்த விமான நிலையம்: தூத்துக்குடியா, மதுரையா?

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த அம்மாவைச் சென்னையிலிருந்து பாளையங்கோட்டை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. வந்தே பாரத்தில் போனாலும் எட்டு மணி நேரம் ஆகிவிடும். "அவ்வளவு நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார முடியாதுப்பா" என்றார். சரி, விமானம்தான். ஆனால் நெல்லைக்கென்று விமான நிலையம் கிடையாது. தூத்துக்குடியில் இறங்கலாம், அல்லது மதுரையில் இறங்கலாம்.

வானத்தில் பார்த்தால் மதுரைதான் கிட்டம். சென்னையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். தூத்துக்குடி சுமார் 530. மதுரைக்கு ஒன்றேகால் மணி நேரம் என்றால், தூத்துக்குடிக்கு ஏடிஆர் என்ற சின்ன புரொப்பெல்லர் விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடும். விமானத்துக்குள் வித்தியாசம் கால் மணி, இருபது நிமிடம், அவ்வளவுதான்.

தரையில் இறங்கிய பிறகுதான் கணக்கு தலைகீழாகிறது. தூத்துக்குடி விமான நிலையம் என்று பெயர் இருந்தாலும் அது இருப்பது வாகைக்குளத்தில், நெல்லைக்குப் போகும் நாற்கரச் சாலையை ஒட்டி. அங்கிருந்து பாளையங்கோட்டை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பாளை, தாமிரபரணி ஆற்றின் கிழக்குக் கரையில் இருப்பதால் நெல்லை ஜங்ஷன் நெரிசலும் கிடையாது, முக்கால் மணி நேரத்துக்குள் வீடு. மதுரையில் இறங்கினாலோ விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என்று 150 கிலோமீட்டர் காரில் வரவேண்டும். சாலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இரண்டரை மணி நேரம். மடக்கி உட்கார முடியாத காலோடு இரண்டரை மணி நேரம் காரில் வருவது என்ன பாடு என்று, அறுவை சிகிச்சைக்கு முன்பு ஒருமுறை மதுரை வழியாக அம்மாவைக் கூட்டிவந்தபோதே பார்த்துவிட்டேன். சாத்தூர் தாண்டியதும் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி நடக்கவைத்துத்தான் கொண்டுவந்து சேர்த்தோம். வாடகைக் காரும் திரும்பிப்போகிற தூரத்துக்குச் சேர்த்துக் கேட்டால், டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும்.

இன்னொன்று, ஏடிஆர் தரைக்குத் தாழ்வாக நிற்கும் விமானம். பின்பக்கக் கதவு வழியாகச் சில படிகள்தான். அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானே ஏறிவிட்டார். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால், இறங்கும்போது செம்மண்ணும் பனைமரமுமாக ஊர் முழுக்கத் தெரிந்தது. முகத்தில் ஊருக்கு வந்த களை அப்போதே வந்துவிட்டது.

மதுரையின் பலம், அது பெரிய விமான நிலையம், விமானங்கள் அதிகம். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது கிடைக்க வாய்ப்புண்டு. தூத்துக்குடியில் அந்தத் தெம்பு குறைவு. 1,350 மீட்டர் ஓடுபாதையை வைத்துக்கொண்டு பல வருடம் சின்ன விமானங்களோடு ஓட்டிய இடம் அது. இப்போது பாதையை 3,115 மீட்டருக்கு நீட்டியிருக்கிறார்கள். 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்று. ஜெட் விமானங்கள் நிறைய வரத் தொடங்கினால் அந்த இருபது நிமிட வித்தியாசமும் குறைந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நான் தூத்துக்குடிக்குப் பறந்தது ஒரே ஒரு முறை. ஏடிஆர் ஜெட்டைவிடத் தாழ்வாகப் பறப்பதால் மேகத்துக்குள் கொஞ்சம் குலுக்கியது. ஒரு பயணத்தை வைத்து மழைக்கால நிலவரம் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். அந்த மாதங்களில் மறுநாள் முக்கியமான வேலை இருந்தால் மதுரைக்கே டிக்கெட் போடுவேன். மற்றபடி அம்மாவோடு போவதென்றால் வாகைக்குளம்தான். காரை மட்டும் முதல்நாளே பாளையிலிருந்து சொல்லி வைத்துவிடுவேன்.